வலி இருந்தது, நோவு இல்லை

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து தூறல். ஜன்னல் கொண்டி சரியாக விழவில்லை. ஓசூர்க் குளிர் முழுவதும் இந்த வார்டுக்குள்தான். கால்மேல் போர்வை படக்கூடாது. கம்பிக் கூண்டு ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் போர்த்தியிருக்கிறார்கள். கூண்டுக்குள் என் கால்கள் தனிக்குடித்தனம்.

டைரி வீட்டுக்காரர் கொண்டுவந்தது. கம்பெனி பஸ் ஓட்டுகிறார் என்று அவருக்குப் புத்தாண்டுக்குக் கொடுத்தது, ஒரு பக்கமும் எழுதவில்லை. அவர் பெயரை, முருகேசன் என்று, ஒவ்வொரு தடவையும் எழுதக் கை சோம்புகிறது. இனி மு.

எழுதச் சொன்னது மயக்க மருந்து டாக்டர். இன்றுதான் பார்த்தேன். நாற்பது வயதுக்குள் இருக்கும். பெண். கன்னடத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுகிறார். நேற்றுக் கட்டுப் பிரித்தபோது நான் போட்ட சத்தம் கீழ்மாடி வரை போயிருக்கிறது. ஸ்டெல்லா சிஸ்டரின் கையைக் கடித்துவிட்டேனாம். அதனால் வந்திருக்கிறார்.

"அடுத்த கட்டு கேஸ் வச்சு மாத்தலாம்மா. தூங்க வைக்க மாட்டோம். முழிச்சிட்டேதான் இருப்பீங்க. மாஸ்க்கை நீங்களே புடிச்சுக்கலாம், வேணாம்னா எடுத்துடலாம்."

"வலிக்காதுங்களா?"

"வலி கொஞ்சம் இருக்கும். நோவு இருக்காது."

கிண்டல் என்று நினைத்தேன். இல்லை.

"எங்க பாஷையில நோவு ஒண்ணுதான், எல்லாத்துக்கும். உங்ககிட்ட ரெண்டு வார்த்தை இருக்கு, அது எனக்கு வசதி. கால்ல எவ்வளவு இருக்குன்னு சொல்றது வலி. அது உங்கள எவ்வளவு படுத்துதுன்னு சொல்றது நோவு. ரெண்டுக்கும் தனித்தனியா பத்துக்கு மார்க் போட்டு எழுதி வைங்க. கூட என்ன தோணுதோ அதையும் எழுதுங்க."

மார்க்கைக் காட்டுவேன். மற்றதைக் காட்ட மாட்டேன்.

நேற்று: வலி 10, நோவு 10. பதினொன்று இருந்தால் அதையும் போட்டிருப்பேன்.

விபத்தைப் பற்றி ஒரே ஒரு தடவை எழுதிவிட்டு விடுகிறேன். வியாழக்கிழமை, கம்பெனி கேன்டீன். மதியச் சாம்பார், பெரிய அண்டா, தள்ளுவண்டியில். முன்னால் இழுத்தது ஜரீனாக்கா. பின்னால் தள்ளியது நான். சக்கரம் சாக்கடை மூடியில் இறங்கியது. அண்டா முன்பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு முழங்காலுக்குக் கீழே. அவள் வழுக்கி அதிலேயே விழுந்தாள். இடுப்புக்குக் கீழே முழுவதும், இரண்டு கையும். அன்றைக்கே பெங்களூர் கொண்டுபோய்விட்டார்கள்.

"நல்லா இருக்காங்க" என்கிறார் மு. எப்போது கேட்டாலும் அதே இரண்டு வார்த்தை.


ஜூலை 8, செவ்வாய்

கேஸ் வைத்தார்கள். மறப்பதற்குள் எழுதுகிறேன்.

சிலிண்டர், சக்கரம் வைத்த வண்டியில். குழாய், முனையில் மாஸ்க். மூச்சை இழுத்தால் உள்ளே ஒரு மூடி டக்கென்று திறக்கும். விட்டால் மூடிக்கொள்ளும். பிளாஸ்டிக் வாசனை, அதற்குள் லேசான தித்திப்பு. ஐந்தாறு மூச்சில் உதடு மரத்தது. ஃபேன் சத்தம் தூரமாகப் போய், பிறகு காதோரம் வந்து நின்றது.

ஸ்டெல்லா துணியை உரித்தாள். தெரிந்தது. எந்த இடம், எவ்வளவு நீளம், எல்லாம் தெரிந்தது. வலது கெண்டைக்காலில் ஒட்டியிருந்ததை இழுத்தபோது வலி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்த அதே வலி, அடையாளம் தெரிந்தது. ஆனால் என்னிடம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்கு வந்த ஆள் மாதிரி என் வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

யாரோ ஒரு பெண் முனகினாள். பாவம், எந்தக் கட்டிலோ என்று நினைத்தேன். நினைத்தேன் என்பதும் சரியில்லை. பாவம் என்ற சொல் மட்டும் வந்தது, கூட ஒன்றும் வரவில்லை. மாஸ்க்கை எடுத்துக் கேட்டேன்.

"யாரு சிஸ்டர் முனகுறது?"

ஸ்டெல்லா வேலையை நிறுத்தவில்லை. "நீங்கதான்கா."

சிரிப்பு வந்தது. சிரித்து முடித்ததும் மறுபடி முனகல் கேட்டது. என் வாய் அசைவதை அப்போதுதான் கவனித்தேன்.

வலி 7. நோவு 0.

டாக்டர் மார்க்கைப் பார்த்துத் தலையாட்டினார். மூளைக்குள் இரண்டு வேலை நடக்கிறதாம். எங்கே, எவ்வளவு என்று சேதி சொல்வது ஒன்று. அதைக் கேட்டு ஐயோ என்பது இன்னொன்று. இந்தக் கேஸைக் கொஞ்சமாகக் கொடுத்தால் ஐயோ சொல்வதைத்தான் அதிகமாக அமுக்குகிறது.

"அப்படித்தான் நினைக்கிறோம். முழுசா எங்களுக்கும் தெரியாதும்மா."

"அப்ப அந்த ஐயோ எங்கதான் போவுதுங்க?"

"எங்கயும் போகல. உண்டாகவே இல்லை."

தலையாட்டினேன். மனசு ஒப்பவில்லை. உண்டாகாமலா ஒருத்தி முனகினாள்?


ஜூலை 9, புதன்

வெயில் வந்தது, பத்து நிமிடம். போயிற்று.

மு.விடம் சொல்ல வேண்டியவை: சீப்பு. நைட்டி இரண்டு, முழங்கால் வரை வெட்டித் தைத்தது. சார்ஜர். ஊத்தங்கரையிலிருந்து என் தம்பி வருகிறேன் என்றால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும், அவன் ஆஸ்பத்திரி வாசனைக்கே விழுந்துவிடுவான்.

பக்கத்துக் கட்டில் லட்சுமம்மா. தெலுங்குக்காரம்மா, மாடு முட்டி இடுப்பில் அடி. தூக்கம் இல்லை, அதனால் எல்லாருடைய தூக்கத்துக்கும் காவல். நேற்று என்னைப் பார்த்துக் கேட்டாள்: "அந்தக் குழாய் வச்சப்ப யார்கூடம்மா பேசுன?" யாரோடும் பேசவில்லை என்றேன். "பேசுன" என்றாள். அதோடு விட்டுவிட்டாள்.

ஜரீனாக்கா இருந்தால் இந்த வார்டைத் தலைகீழாக்கியிருப்பாள். கேன்டீனில் அவள் திட்டுவது ஆளுக்குத் தகுந்த பாஷையில். சூப்பர்வைசரைக் கன்னடத்தில், காய்கறி இறக்குகிறவர்களைத் தெலுங்கில், என்னைத் தமிழில். "ஏ பொண்ணே, உப்பைக் கையில எடுக்கிறியா காலுல எடுக்கிறியா?" நான் சேர்ந்த முதல் வாரம் பெருங்காயப் பொடி என்று சோடா உப்பை அள்ளிப் போட்டேன். ரசம் பொங்கி வழிந்தது. ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்று மட்டும் சிரித்தாள், சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை. பிறகு அந்த ரசத்தைக் கொட்டிவிட்டு இருவரும் புதிதாக வைத்தோம். ஷிப்ட் பசங்களுக்குத் தெரியவே தெரியாது.

இன்று மு.விடம் போன் போட்டுக் கொடுங்கள், அக்காவிடம் பேச வேண்டும் என்றேன். "அவங்களுக்குத் தொண்டையில குழாய் வச்சிருக்காங்க, பேச முடியாது" என்றார். நல்லா இருக்கிறவளுக்கு எதற்குத் தொண்டையில் குழாய்? கேட்கவில்லை. அவரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.


ஜூலை 10, வியாழன்

கட்டு. வலி 6, நோவு 0.

முனகுகிறவள் இன்றும் வந்தாள். இன்று சிரிப்பு வரவில்லை. எங்கே இருந்து முனகுகிறாள் என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். தலைமாட்டுக்குப் பின்னால், இடது பக்கம், சுவரோடு ஒட்டி. அங்கே ஆக்ஸிஜன் குழாய் சொருகும் ஓட்டைதான் இருக்கிறது.

மதியம் தக்காளி சாதம். நன்றாக இருந்தது.


ஜூலை 12, சனி

எப்படி எழுதுவது?

கட்டு நாள். மாஸ்க் வைத்துப் பாதி வேலை நடந்துகொண்டிருந்தது. கதவுத் திரைக்கு அந்தப் பக்கம் மு.வின் செருப்பு தெரிந்தது. ஸ்டெல்லா பஞ்சு எடுக்கத் திரும்பியபோது அவர் தலையை நீட்டினார். மெதுவாகத்தான் சொன்னார்.

"விடியக்காலையில போயிட்டாங்களாம் சிஸ்டர். பெங்களூர்ல இருந்து இக்பால் பாய் போன் பண்ணாரு. இவகிட்ட இப்ப சொல்லிடாதீங்க."

கேட்டது. ஒவ்வொரு எழுத்தும் கேட்டது. புரியாமலும் இல்லை. இக்பால் ஜரீனாக்காவின் வீட்டுக்காரர். போயிட்டாங்க என்றால் ஜரீனாக்கா. ஜரீனாக்கா செத்துவிட்டாள்.

சரி.

அப்படித்தான் வந்தது. சரி. ஃபேனின் ஒரு இறக்கையில் மட்டும் ஒட்டடை இருந்தது. அதைப் பார்த்தேன். மாஸ்க்கை எடுத்தேன்.

"எப்பங்க அடக்கம்?"

மு. முகம் போன போக்கு. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரி கேட்டேனாம், பிறகு சொன்னார். அந்த நேரத்தில் அவரால் பதில் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: "அவங்க ஊருக்கு, பேரிகைக்குக் கொண்டாறாங்க. மதியத்துக்கு மேல."

"சரி. நீங்க போயிட்டு வாங்க. பஸ்ஸுக்கு வேற டிரைவர் சொல்லிட்டுப் போங்க."

மாஸ்க்கைத் திரும்ப வைத்துக்கொண்டேன். டக்.

கட்டு முடிந்தது. கேஸை நிறுத்தி, ஆக்ஸிஜன் மட்டும் கொடுத்தார்கள். சிறிது நேரத்தில் உதட்டுக்கு உணர்வு வந்தது. காலும் வந்தது, எரிச்சலோடு, ஐயோவோடு, முழுசாக. கண்ணை மூடிக்கொண்டு மற்றதற்குக் காத்திருந்தேன். அதுவும் இதன் பின்னால்தானே வர வேண்டும்.

வரவில்லை. இப்போது விளக்கு போட்டுவிட்டார்கள். இன்னும் வரவில்லை.


ஜூலை 13, ஞாயிறு

மு. வந்து சொன்னார். சொல்லச் சொல்ல அழுதார். கூட்டம் மார்க்கெட் முனை வரை நின்றதாம். கேன்டீன் ஆட்கள் எல்லோரும் யூனிபாரத்திலேயே வந்திருந்தார்களாம். முகத்தைக் காட்டினார்கள், முகத்தில் ஒன்றுமில்லை, தூங்குகிற மாதிரி இருந்தது என்றார். நான் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டே கேட்டேன். ஊறுகாய் கேட்டேன்.

"ஒரு சொட்டுத் தண்ணி வரல பாரு உனக்கு" என்றார் மு. கோபம் இல்லை. பயந்த குரல்.

அவர் போன பிறகு செய்து பார்த்தவை:

ஜரீனாக்கா, ஜரீனாக்கா என்று வாய்விட்டுச் சொன்னேன். லட்சுமம்மா திரும்பிப் பார்த்தாள்.

போனில் போட்டோ. ஆயுத பூஜைக்கு எடுத்தது. மாவு அரைக்கும் மிஷினுக்குப் பொட்டு வைத்துவிட்டு அதன் தோளில் கை போட்டு நிற்கிறாள். பூ நன்றாக வாங்கியிருக்கிறோம் என்று தோன்றியது.

அவள் அனுப்பிய குரல். "சுமதி, நாளைக்குச் சீக்கிரம் வா, வெங்காய மூட்டை வருது, அந்தாளு எண்ணாம எறக்கிட்டுப் போயிடுவான்." திரும்பத் திரும்பக் கேட்டேன். வெங்காயம் பற்றித்தான் நினைப்பு ஓடியது.

கையைக் கிள்ளிக்கொண்டேன். நொந்தது. அது ஒழுங்காக வேலை செய்கிறது.


ஜூலை 14, திங்கள்

மேகம். மழை இல்லை.

காலையில் பல் விளக்கக் கிண்ணம் வைத்தபோது லட்சுமம்மா மெதுவாகச் சொன்னாள்: "நைட்டு ரொம்ப அழுதியேம்மா."

"நானா?"

"கண்ணு மூடியிருந்துச்சு. ஆனா பேசுன."

"என்ன பேசுனேன்?"

"அவகிட்ட சொல்லாதீங்க, அவகிட்ட சொல்லாதீங்கன்னு. அதையேதான்."

எவளிடம் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. தலையணையைத் தொட்டுப் பார்த்தேன். ஈரம். கன்னம் உப்பாக, தோல் இழுத்துப் பிடித்திருந்தது. அழுத முகம். ஆனால் எனக்குள் ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்கி எழுந்த தெளிவு.

டாக்டர் வந்ததும் கேட்டேன். "அந்த சேதி கேக்கும்போது கேஸ் ஓடிட்டு இருந்துச்சுங்க. உள்ளயே மாட்டிக்கிச்சா?"

அவர் உட்கார்ந்தார். வழக்கமாக உட்கார மாட்டார். "இல்லம்மா. கேஸ் அன்னிக்கே மூச்சுலயே வெளிய போயிடுச்சு. ஒரு துளி இல்ல இப்ப உங்க உடம்புல. பெரிய சாவு கேட்டா கேஸ் இல்லாமலே சில பேருக்கு இப்படி மரத்துப்போகும். வரும். அவசரப்படாதீங்க."

"அப்ப இது நான்தானா?"

"நீங்கதான்."

கேஸ் என்று சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு கட்டு. இன்று மாஸ்க்கை ஆசையாக வாங்கினேன், எழுதவே கூசுகிறது. அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்க வேண்டும். ஸ்டெல்லாவிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தேன், நான் என்ன உளறினாலும் நினைவில் வைத்துக்கொள் என்று. டக், டக். ஃபேன், ஒட்டடை, சுவரோரமாக முனகல். சொற்கள் இருந்தன, அது தெரிந்தது. அடுத்த வீட்டில் பேசுகிற மாதிரி, குரல் வருகிறது, பேச்சு வரவில்லை. நான் அமைதியாகப் படுத்திருந்தேன். அப்படித்தான் எனக்கு நினைவு.

முடிந்ததும் ஸ்டெல்லா கையுறையைக் கழற்றாமல் நின்றாள்.

"உங்க ஃப்ரெண்டு பேரைச் சொல்லி அழுதீங்கக்கா. 'அக்கா எந்திரி, அக்கா கையை எடு, கையை எடு'ன்னு. தேம்பித் தேம்பி. நடுவுல என்னைப் பாத்து, அந்த ஒட்டடையை யாராச்சும் அடிக்கக் கூடாதான்னு கேட்டீங்க. சாதாரணமா. கேட்டுட்டுத் திரும்ப அழுதீங்க."

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணுமில்ல. எனக்கு இனிமே உங்க பெட்டு வேணாம்னு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட கேட்டிருக்கேன். தப்பா எடுத்துக்காதீங்கக்கா."

தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்கும் இந்த பெட்டு வேண்டாம்தான்.

அவள் அழுதுகொண்டிருக்கிறாள். நான் இல்லாத நேரமாகப் பார்த்து அழுகிறாள். ஜரீனாக்கா செத்தது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. என்னிடம் சொல்ல வேண்டாம் என்று ஊரெல்லாம் சொல்லி வைக்கிறாள்.


ஜூலை 16, புதன்

கேஸ் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மு. கத்தினார். "பைத்தியமா உனக்கு? சும்மா குடுக்கிறதை வேணாங்கிற?" டாக்டர் கத்தவில்லை. "உங்களுக்கு நீங்களே தண்டனை குடுத்துக்க வேண்டியதில்லம்மா."

"தண்டனை இல்லீங்க. நான் இல்லாதப்ப அவ வர்றா. நான் இருக்கறப்ப வரட்டுமேன்னு."

வேறு டாக்டராக இருந்தால் மனநல டாக்டருக்குச் சீட்டு எழுதியிருப்பார். இவரும் எழுதினார், ஆனால் கையையும் பிடித்துக்கொண்டார். புண் பாதி ஆறியிருக்கிறது, ஊசி போட்டுப் பார்க்கலாம், தாங்கவில்லை என்றால் கேஸ் பக்கத்திலேயே இருக்கும் என்றார்.

உரித்தார்கள். புது சிஸ்டர், பழக்கமில்லாத கை. வலி நேராக என்னிடமே வந்தது. சுவரோரத்துக்குப் போகவில்லை. கத்தினேன். அந்த சிஸ்டரை, கம்பெனியை, மு.வை, சாக்கடை மூடி போட்டவனை எல்லாரையும் திட்டினேன். ஜரீனாக்கா திட்டுகிற வார்த்தைகளில்கூடத் திட்டினேன், எனக்குத் தெரியாத பாஷைகளில். அழுதேன். மூக்கு ஒழுக அழுதேன்.

எல்லாம் காலுக்கு. ஒரு சொட்டும் அக்காவுக்கு இல்லை.

வலி 8. நோவு 9. டாக்டரிடம் காட்டினேன். "கெடச்சுதா?" என்று கேட்டார். இல்லை என்றேன்.

முனகல் கேட்கவில்லை. நான் போட்ட சத்தத்தில் எப்படிக் கேட்கும்.


ஜூலை 19, சனி

தடுப்பைப் பிடித்துக்கொண்டு வராந்தா வரை நடந்தேன். கால் கீழே தொங்கினால் ரத்தம் இறங்கி ஊசி ஊசியாகக் குத்துகிறது. வராந்தாவிலிருந்து மலைக்கோயில் தெரிகிறது. மேகம் அதன் பாதியை மறைத்திருந்தது.

கேன்டீனில் இருந்து நான்கு பேர் வந்தார்கள், ஆப்பிளோடு. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள், எப்போது உடைவாள் என்று. நான் புது அண்டா வந்துவிட்டதா என்று கேட்டேன். சீக்கிரம் கிளம்பிவிட்டார்கள்.

கேஸ் இப்போது தேவையில்லை. புண் சிறுத்துவிட்டது. அந்தச் சிலிண்டர் வண்டி வேறு வார்டுக்குப் போகும் சத்தம் கேட்டால் உதடு தானாக மரத்துப்போகிறது.

மு. வந்து ஓரமாக உட்கார்ந்தார். சொன்னார்: "அன்னிக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"எதை?"

"ஒரு சொட்டுத் தண்ணி வரலன்னு. நான் தங்குன அன்னிக்கு நீ தூக்கத்துல அழுதியே, பாத்தேன். எழுப்பலாம்னு கை நீட்டுனேன். எழுப்புனா நின்னுடுமேன்னு எழுப்பல. அழட்டும்னு பக்கத்துலயே உக்காந்திருந்தேன்."

அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். என் வீட்டுக்காரர். எனக்குத் தெரியாமல்.

கொஞ்சம் பொறாமையாக இருந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.


ஜூலை 24, வியாழன்

டிஸ்சார்ஜ். மு. தெரிந்தவரின் காரைக் கேட்டு எடுத்துவந்தார். பின்சீட்டில் தலையணை, கால் நீட்டி. லட்சுமம்மா என் கன்னத்தைத் தடவி தெலுங்கில் ஏதோ சொன்னாள். ஸ்டெல்லா வாசல் வரை வந்தாள், ஆனால் கண்ணைப் பார்க்கவில்லை.

கேட்டைத் தாண்டியதும் சொன்னேன். "பேரிகை போலாங்க."

"இந்தக் காலோடவா?"

"இந்தக் காலோடதான்."

பாகலூர் ரோடு. இரண்டு பக்கமும் ரோஜாப் பசுமைக்குடில்கள், பிளாஸ்டிக் கூரையில் தண்ணீர் தேங்கி நின்றது. ஷிப்ட் முடிந்த பைக்குகள்.

இக்பால் அண்ணனுக்குத் தக்காளி மண்டி. வீட்டு வாசல் முழுவதும் காலிப் பிளாஸ்டிக் பெட்டிகள். படி ஏற முடியாது என்று பார்த்ததும் அவரே நாற்காலி கொண்டுவந்து வெளியே போட்டார், கால் நீட்ட ஒரு பெட்டியைக் கவிழ்த்து மேலே துண்டு விரித்தார். மு.வைப் பார்த்து, "நீங்க வண்டியை ஓரமா வுட்டுட்டு இருங்க முருகேசு, தங்கச்சிகிட்ட ஒண்ணு கேக்கணும்" என்றார்.

ஆள் பாதியாகிவிட்டார். தாடி அப்படியே விட்டிருந்தார்.

"உனக்கும் கேஸ் வச்சாங்களாமே."

"ஆமாண்ணே."

"அவளுக்கும் வச்சாங்க. தொண்டையில குழாய் போடுறதுக்கு முன்னாடி, முத ரெண்டு கட்டுக்கு. கை ரெண்டும் வெந்து போச்சுல்ல, மாஸ்க்கை நர்ஸ்தான் புடிச்சாங்க. தலைமாட்டுல என்னை நிக்க வுட்டாங்க." அவர் குரல் இறங்கியது. "வலி தெரியாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆனா முனகுனாம்மா. அடி வயித்துல இருந்து வந்துச்சு அந்த சத்தம், நான் கேட்டதே இல்ல. முனகிட்டே இருக்கா, கண்ணு என்னைப் பாத்து சிரிக்குது. தாடிய வழிச்சா என்ன, திருடன் மாதிரி இருக்கேன்னு வேற கேக்குறா. திரும்ப முனகுறா."

நான் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எனக்குத் தூக்கமே இல்ல சுமதி. முனகுனவ ஒருத்தி, சிரிச்சவ ஒருத்தி. எவ என் பொண்டாட்டி? சிரிச்சவதான்னா, அந்த வலியெல்லாம் வாங்கிக்கிட்டுக் கெடந்தவ யாரு? அவளை நான் பாக்காம வுட்டுட்டேனா? நீ உள்ள இருந்து பாத்தவ. நீ சொல்லு."

வேறு யாரிடமும் அவர் இதைக் கேட்க முடியாது. அது எனக்குப் புரிந்தது. டாக்டர் சொன்ன இரண்டு வேலை, சேதி, ஐயோ, அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"நீங்க என்ன பண்ணீங்கண்ணே, அப்ப?"

"என்ன பண்றது. பேசிட்டே இருந்தேன், பைத்தியக்காரனாட்டம். தக்காளி என்ன வெலை போவுது, யாரு பெட்டி திருப்பித் தரல, மண்டிக்குப் பின்னாடி நாய் குட்டி போட்டிருக்கு. வாய்க்கு வந்ததெல்லாம். நர்ஸ்கூட, அவங்களுக்குக் கேக்காதுங்கன்னாங்க."

"கேக்கும்" என்றேன்.

நிமிர்ந்தார்.

"கேக்கும்ணே. எனக்குக் கேட்டுச்சு. மாஸ்க் வச்சிருக்கும்போதுதான் அக்கா போன சேதி கேட்டுச்சு. ஒரு எழுத்து விடாம. சிரிக்கிறவளுக்கும் கேட்டிருக்கும், முனகுறவளுக்கும் கேட்டிருக்கும். நீங்க ரெண்டு பேருகிட்டயும்தான் பேசியிருக்கீங்க. ரெண்டு பேரும் அக்காதாண்ணே. வேற யாருமில்ல அங்க. ரெண்டும் அவதான்."

அவருக்காகச் சொன்னது. சொல்லி முடித்த பிறகும் என் வாய் மூடவில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. எனக்குத் தெரிந்த சத்தம், சுவரோரத்தில் கேட்டுக் கேட்டுப் பழகிய அதே சத்தம். இப்போது அது நெஞ்சுக்குள்ளிருந்து, பல்லிடுக்கில், என் எச்சிலோடு வந்தது. அதன் பின்னாலேயே அக்கா வந்தாள். வண்டிக்கு முன்னால் குனிந்து இழுக்கிற அவள் முதுகு. சாம்பாருக்குள் ஊன்றி எழப் பார்த்த கை. எழுந்து நின்று என்னைத் திரும்பிப் பார்த்து, "ஏ பொண்ணே, உனக்குப் பட்டுச்சா?" என்று கேட்டது. அதை எப்படி மறந்தேன். எப்படி இவ்வளவு நாள்.

மு. வண்டியிலிருந்து குதித்து ஓடி வந்தார். காலில் ஏதோ என்று நினைத்திருக்கிறார். இக்பால் அண்ணன் கையைக் காட்டி நிறுத்தினார். அவர் முகமும் நனைந்துதான் இருந்தது. இன்னொரு பெட்டியை என் பக்கத்தில் இழுத்துக் கவிழ்த்து உட்கார்ந்தார்.

திரும்பும்போது பாகலூர் தாண்டும்வரை அழுகை நிற்கவில்லை. மு. வண்டியை ஓரம் கட்டவும் இல்லை, போதும் என்று சொல்லவும் இல்லை.